தங்க வேட்டைக்கால இலக்கியத்தை எந்த வரிசையில் வாசிப்பது: முழுமையான வழிகாட்டி

கலிபோர்னியத் தங்க வேட்டையின் இலக்கியத்துக்குள் நுழைவோர் பெரும்பாலும் பிரெட் ஹார்ட்டின் சிறுகதைகளிலோ மார்க் ட்வெயினின் தவளைக் கதையிலோ தொடங்குகிறார்கள். தொகைநூல்களில் அவையே முன்னால் நிற்கின்றன. இந்நூல்களைப் புதியவர்களோடு சேர்ந்து வாசித்துவந்ததில் நான் மீண்டும் மீண்டும் கண்ட சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. கதைகளை முதலில் படித்தவர், 1868-இல் கற்பனையாக எழுதப்பட்ட சுரங்க முகாமையே 1850-இன் உண்மையான முகாம் என்று மனத்தில் பதித்துக்கொள்கிறார். பின்னர் அங்கே வாழ்ந்தவர்களின் கடிதங்கள் கைக்கு வரும்போது, அவை கதையைப் போல இல்லையே என்று ஏமாற்றமடைகிறார். முதலில் நேரில் கண்டவர்கள், அடுத்து இதழ்கள், அதன் பிறகு கதைகள் என்று வரிசையை மாற்றிக்கொண்டால் இந்த ஏமாற்றத்துக்கு இடமில்லை. கீழுள்ள படிகள் அந்த ஒழுங்கிலேயே அமைந்துள்ளன.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை ஒரு வரைபடம். சியாரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் இறங்கும் ஆறுகளை அதில் குறித்துக்கொள்ளுங்கள்: வடக்கே ஃபெதர், யூபா, அமெரிக்கன்; தெற்கே ஸ்டானிஸ்லாஸ், டுவாலமி, மெர்சிட். மலைக்குக் கிழக்கே நெவாடாவின் வர்ஜீனியா சிட்டியையும், மேற்கே சாக்ரமெண்டோ, சான் பிரான்சிஸ்கோ நகரங்களையும் குறியுங்கள். இந்த இலக்கியத்தில் ஒரு சம்பவம் எந்த ஆற்றங்கரையில் நடக்கிறது என்பது, அங்கே யார் வாழ்ந்தார்கள் என்பதையும் சொல்லிவிடும். தெற்குப் பகுதியின் சொனோரா நகரம், மெக்சிகோவின் சொனோராவிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்களால் உருவானது. வடக்குப் பகுதி முகாம்களைப் பற்றிப் படித்ததை அங்கே அப்படியே பொருத்த முடியாது.

இரண்டாவது தேவை ஒரு சிறிய காலக்கோடு. 1848 ஜனவரி 24 அன்று கொலோமாவில் சட்டரின் மர அறுப்பாலையில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைக் கண்டார். ஒன்பது நாள் கழித்து, பிப்ரவரி 2 அன்று, கலிபோர்னியாவை மெக்சிகோவிடமிருந்து அமெரிக்காவுக்கு மாற்றிய ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பரில் அதிபர் போல்க் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தி தங்கத்தை உறுதிப்படுத்தியது. 1849-இல் பெருங்கூட்டம் கிளம்பியது. 1850 செப்டம்பர் 9 அன்று கலிபோர்னியா மாநிலமானது. இந்த ஐந்து தேதிகள் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

நூல்களுக்குச் செலவு தேவையில்லை. பெரும்பாலானவை காப்புரிமைக் காலம் கடந்தவை. குட்டன்பர்க் திட்டத்தின் தளத்திலும், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் கலிபோர்னிய நேரடிச் சான்றுகள் தொகுப்பிலும், கலிபோர்னிய நாளிதழ்களின் மின்னாவணத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

2. தங்கம் எப்படி எடுக்கப்பட்டது என்பதைக் கதைக்கு முன்பே புரிந்துகொள்ளுங்கள்

தங்கச் சுரங்கம் என்றதும் நம்மவர் மனத்தில் கோலார் தங்கவயல்தான் வருகிறது: ஆழ்குழி, இறங்குகூண்டு, நிறுவனம், கூலி, லயன் வீடுகள். 1849-இன் கலிபோர்னியாவில் இவை எதுவும் இல்லை. அது ஆற்று மணலிலும் சரளையிலும் கலந்து கிடந்த பொன்னை அரித்தெடுத்த காலம். ஒருவர் கையில் ஒரு தட்டு, ஒரு மண்வெட்டி, ஆற்றங்கரையில் தன்னுடையதென்று குறித்துக்கொண்ட ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான் முதலீடு.

அடுத்தடுத்து வந்த கருவிகளின் வரிசையையும் தெரிந்துகொள்ளுங்கள். தட்டை ஒருவர் ஆட்டினார். தொட்டில் போன்ற அரிப்புப் பெட்டிக்கு இரண்டு மூன்று பேர் வேண்டும். நீண்ட மரத்தொட்டிக்கு ஒரு குழு வேண்டும். ஆற்றையே மரக்கால்வாயில் திருப்பிவிட ஒரு கூட்டு நிறுவனம் வேண்டும். 1853-இல் கலிபோர்னியாவிலேயே உள்ள நெவாடா சிட்டி என்ற ஊரருகே குழாய் நீரை மலைமீது பீய்ச்சிக் கரைக்கும் முறை தொடங்கியபோது தனியாளின் காலம் முடியத் தொடங்கியது. ஒரு கதையில் எந்தக் கருவி வருகிறதென்று கவனித்தால், அங்கே மனிதர்கள் கூட்டாளிகளா, கூலிகளா என்பது விளங்கிவிடும். ஹார்ட்டின் கதைகளில் கூட்டாளி என்ற உறவு ஏன் திருமண உறவுக்கு நிகராக எடை பெறுகிறது என்பதும் இதனால்தான் புரியும்.

பருவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடையில் ஆறு வற்றும்போது படுகை திறக்கும். மழைக்காலத்தில் பாதைகள் அடைபடும், உணவு விலை ஏறும், வெள்ளம் முகாமை அடித்துச் செல்லும். ஹார்ட்டின் கதை முடிவுகளில் வெள்ளமும் பனியும் வருவதைச் செயற்கையான திருப்பம் என்று ஒதுக்குவோர் இந்தப் பருவச் சுழற்சியை அறியாதவர்கள்.

ஊர்ப்பெயர்களில் ஒரு சிறு எச்சரிக்கை: ரிச் பார், இண்டியன் பார் என வரும் பெயர்களில் உள்ள பார், மதுக்கடை அன்று, ஆற்று வளைவில் ஒதுங்கிய சரளைத் திட்டு.

3. ஒவ்வொரு நூலுக்கும் மூன்று தேதிகளை எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்திகள் இடுங்கள்: சம்பவம் நடந்த ஆண்டு, எழுதப்பட்ட ஆண்டு, அச்சான ஆண்டு. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

சாரா ராய்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. அவர் 1849-இல் கணவரோடும் சிறு மகளோடும் மாட்டு வண்டியில் பாலைவனத்தைக் கடந்து கலிபோர்னியா சேர்ந்தார். அப்பயணத்தைப் பற்றிய நினைவுகளை, பின்னாளில் தத்துவ அறிஞராகப் புகழ்பெற்ற தம் மகன் ஜோசையா ராய்ஸ் கேட்டுக்கொண்டதால், பழைய நாட்குறிப்பை வைத்துக்கொண்டு 1880-களில் எழுதினார். நூலாக வந்தது 1932-இல். அதில் வரும் இறைநம்பிக்கையின் உறுதி, பாலையில் தண்ணீரின்றித் தவித்த இளம்பெண்ணுடையதா, முப்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்க்கும் தாயுடையதா என்ற கேள்வி, மூன்று தேதிகளையும் எழுதியவருக்குத்தான் எழும்.

4. டேம் ஷர்லியின் கடிதங்களில் தொடங்குங்கள்

லூயிஸ் கிளாப் என்ற பெண், மருத்துவரான தம் கணவரோடு ஃபெதர் ஆற்றின் மேற்பகுதியிலிருந்த ரிச் பார், இண்டியன் பார் முகாம்களில் வாழ்ந்தார். 1851 செப்டம்பர் முதல் 1852 நவம்பர் வரை, மாசசூசெட்ஸில் இருந்த தங்கைக்கு எழுதும் வடிவில் 23 கடிதங்கள் எழுதினார். அவை 1854, 1855 ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோவின் ‘பயனியர்’ மாத இதழில் டேம் ஷர்லி என்ற புனைபெயரில் வெளியாயின. சம்பவத்துக்கும் எழுத்துக்கும் இடையே சில நாள்களோ வாரங்களோதான் இடைவெளி. வாசிப்பை இங்கே தொடங்கச் சொல்வதற்கு அதுவே காரணம்.

முதலில் பத்தாவது கடிதத்தைப் படியுங்கள். தானே ஒரு தட்டு மண்ணை அலசி 3 டாலர் 25 சென்ட் மதிப்புள்ள பொன்துகள் எடுத்ததை அதில் சொல்கிறார். கால் நனைந்ததையும், உடை கிழிந்ததையும், புதுக் கையுறை பாழானதையும், விலையுயர்ந்த உடையூசி ஒன்று தொலைந்ததையும் அதே மூச்சில் சொல்கிறார். உரிமை நிலங்களும் அரிப்புக் கருவிகளும் எப்படி இயங்கின என்ற விளக்கம் பதினைந்தாவது கடிதத்தில் இருப்பதால், இரண்டாம் படியில் கற்றதை அங்கே சரிபார்த்துக்கொள்ளலாம்.

பிறகு முதல் கடிதத்துக்குத் திரும்பி வரிசையாகச் செல்லுங்கள். இடையில் நிறுத்தாதீர்கள். தொடக்கக் கடிதங்களின் துள்ளலை மட்டும் படித்துவிட்டு, இவர் முகாம் வாழ்வை வியந்து பாடுகிறார் என்று முடிவுகட்டுவது பரவலாக நடக்கும் தவறு. 1851-52 குளிர்காலத்தில் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவரை முகாமே விசாரித்துத் தூக்கிலிட்டதை எழுதும்போது அவர் குரல் மாறுகிறது. 1852 கோடையில் ஸ்பானிய மொழி பேசுவோர் மீது வெறுப்பு வளர்ந்து சாட்டையடியில் முடிந்ததை எழுதும்போது இன்னும் மாறுகிறது. இலையுதிர்காலத்தில் ஆற்றைத் திருப்பப் போட்ட பணமும் உழைப்பும் வீணாகி, முகாமே கலைகிறது. ஓராண்டில் ஒரு சிற்றூர் பிறந்து அழிந்ததை இவ்வளவு நெருக்கமாகப் பதிவுசெய்த எழுத்து அந்தக் காலத்தில் மிக அரிது. இதை அமெரிக்க இலக்கியத்தின் முதல் வரிசையில் வைக்கத் தயங்குவோரோடு நான் உடன்படுவதில்லை.

இவை முற்றிலும் அந்தரங்கமான கடிதங்கள் என்றும் நம்பிவிடக் கூடாது. பின்னாளில் அச்சிடும் எண்ணம் எழுதும்போதே இருந்திருக்கலாம் என்பதை வாக்கியங்களின் மெருகே காட்டுகிறது.

5. இதழ்களைச் சுருக்கமாகப் பார்த்துச் செல்லுங்கள்

1852-இல் தொடங்கிய ‘கோல்டன் எரா’ வார இதழ், 1864-இல் தொடங்கிய ‘கலிபோர்னியன்’, 1868-இல் தொடங்கிய ‘ஓவர்லேண்ட் மன்த்லி’ ஆகிய மூன்றின் பெயர்களும் தெரிந்திருந்தால் போதும். அலோன்சோ டெலானோ ‘ஓல்ட் பிளாக்’ என்ற பெயரில் எழுதிய சித்திரங்களில் இரண்டு மூன்றைப் படியுங்கள். முகாமின் வழக்கமான பாத்திரங்களான சூதாடி, கெட்டிக்காரச் சுரங்கக்காரர், ஏமாறும் புதியவர் ஆகியோர் இத்தகைய சித்திரங்களில் முன்பே உருவாகிவிட்டார்கள். ஹார்ட் எதைப் புதிதாகச் செய்தார், எதைக் கையில் எடுத்துக்கொண்டார் என்று பிரித்துக்காண இது உதவும்.

6. இப்போது பிரெட் ஹார்ட்

நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் 1836-இல் பிறந்த ஹார்ட், 1854-இல் கலிபோர்னியாவுக்கு வந்தார். ஆற்றங்கரையில் பொன் எளிதாகக் கிடைத்த நாள்கள் அதற்குள் போய்விட்டன. ‘த லக் ஆஃப் ரோரிங் கேம்ப்’ என்ற கதையை, தாம் ஆசிரியராக இருந்த ‘ஓவர்லேண்ட் மன்த்லி’யில் 1868 ஆகஸ்டில் வெளியிட்டார். உங்கள் தாளில் 1850, 1868, 1868 என்று எழுதுங்கள். பதினெட்டு ஆண்டு இடைவெளிதான் இக்கதையைத் திறக்கும் சாவி.

ஆண்கள் மட்டுமே உள்ள முகாமில், இருந்த ஒரே பெண் குழந்தையைப் பெற்று இறந்துபோகிறாள். குழந்தையை வளர்க்கும் பொறுப்பில் முகாம் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்கிறது. இறுதியில் வெள்ளம் வருகிறது. படித்து முடித்ததும் ஷர்லியின் கடிதங்களைத் திறந்து, ரிச் பாரில் ஒரு பெண் சிறு குழந்தைகளை விட்டுவிட்டு இறந்ததைப் பற்றிய பகுதியை மறுபடி வாசியுங்கள். ஹார்ட் அக்கடிதங்களிலிருந்து எடுத்துக்கொண்டார் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. யார் யாரிடமிருந்து எடுத்தார் என்பதைவிட, ஷர்லியிடம் இறுதிச் சடங்காக இருந்தது ஹார்ட்டிடம் மீட்சிக் கதையாக எப்படி மாறியது என்பதுதான் நாம் குறிக்க வேண்டியது.

அடுத்து 1869 ஜனவரியில் வெளிவந்த ‘த அவுட்காஸ்ட்ஸ் ஆஃப் போக்கர் ஃப்ளாட்’ கதையையும், அதே ஆண்டு அக்டோபரில் வந்த ‘டென்னஸீஸ் பார்ட்னர்’ கதையையும் வாசியுங்கள். மூன்றிலும் கதைசொல்லியின் மொழி உயர்ந்த இலக்கிய ஆங்கிலம். பாத்திரங்களின் மொழி முகாமின் பேச்சு. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பென்சிலால் ஓரத்தில் குறியுங்கள். கதையின் நகைச்சுவையும் இரக்கமும் அந்தத் தூரத்திலிருந்தே வருகின்றன. குறிக்காமல் படிப்பவருக்கு மிகையுணர்ச்சி மட்டுமே மிஞ்சுகிறது.

1870 செப்டம்பரில் வந்த ‘ப்ளெய்ன் லாங்குவேஜ் ஃப்ரம் ட்ரூத்ஃபுல் ஜேம்ஸ்’ என்ற கவிதையைக் கடைசியில் வையுங்கள். ஆ சின் என்ற சீனரைச் சீட்டாட்டத்தில் ஏமாற்ற நினைத்த வெள்ளையர்கள் தாங்களே ஏமாறும்போது கொதிக்கிறார்கள். சீனர்கள்மீதான வெறுப்பைப் பரிகசிக்க எழுதப்பட்டதை, அந்த வெறுப்பைக் கொண்டோரே தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். சொல்பவரும் ஆசிரியரும் ஒருவரே என்று படிப்போர் இன்றும் அதே தவறில் விழுகிறார்கள். இதற்கு மாற்றாக ஒரு செய்தியை நினைவில் வையுங்கள்: 1860 பிப்ரவரியில் ஹம்போல்ட் விரிகுடாவின் தீவில் வியோட் பழங்குடி மக்கள் படுகொலை செய்யப்பட்டபோது, உள்ளூர் இதழில் பணியாற்றிய இளம் ஹார்ட் அதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார், அதன் பிறகு அவ்வூரில் அவரால் இருக்க முடியவில்லை.

7. மார்க் ட்வெயினை வாய்விட்டுப் படியுங்கள்

ட்வெயின் 1849-இன் மனிதர் அல்லர். நெவாடா பிரதேசத்தின் செயலாளராக நியமிக்கப்பட்ட அண்ணனோடு 1861-இல் மேற்குக்கு வந்தார். அங்கே நடந்தது வெள்ளி வேட்டை. வர்ஜீனியா சிட்டியின் ‘டெரிட்டோரியல் எண்டர்ப்ரைஸ்’ நாளிதழில் எழுதியபோது, 1863-இல், இந்தப் புனைபெயரைச் சூடினார். 1864-65 குளிர்காலத்தை டுவாலமி பகுதியின் ஜாக்கஸ் ஹில்லில் ஒரு குடிலில் கழித்தபோது, அருகிலுள்ள ஏஞ்சல்ஸ் கேம்பில் தவளைக் கதையைக் கேட்டார். அது 1865 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் ‘சாட்டர்டே பிரஸ்’ இதழில் வந்தது.

கதையை மௌனமாகப் படித்தவர்கள் பாதியிலேயே கைவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கதையைச் சொல்லும் பாத்திரமான சைமன் வீலரின் பேச்சில் எழுத்துக்கூட்டல் உச்சரிப்பைப் பின்பற்றுவதால், கண்ணுக்குத் தடையாக இருப்பது காதுக்குத் தடையாக இருப்பதில்லை. ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பது மிகவும் நல்லது. வீலர் சிரிக்கவே மாட்டார், குரலை உயர்த்தவும் மாட்டார். படிப்பவரும் அப்படியே படிக்க வேண்டும்.

1872-இல் வந்த ‘ரஃபிங் இட்’ நூலை முழுதாகத் தொடங்காதீர்கள். 60, 61 அத்தியாயங்களை முதலில் படியுங்கள். ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த ஊர் புல்வெளியாகிவிட்ட மலைச்சரிவில், ஊர் போன பிறகும் கிளம்பாமல் தங்கிவிட்ட சிலரைப் பற்றி அவை பேசுகின்றன. ஹார்ட் 1850-ஐக் கற்பனை செய்தார். ட்வெயின் அதன் மிச்சத்தைப் பார்த்தார். இருவருக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு அத்தியாயங்களே காட்டிவிடும். நூலின் மற்ற பகுதிகளிலுள்ள பணக் கணக்குகளை வரலாற்றுச் சான்றாக எடுத்தாளாதீர்கள். மிகைப்படுத்தல் அந்நூலின் அறிவிக்கப்பட்ட முறை.

8. விடுபட்ட குரல்களைத் தேடுங்கள்

இதைத் தனிப்படியாக வைப்பதற்குக் காரணம், மேலே சொன்ன நூல்களைப் படித்து முடித்தவருக்கே யார் பேசவில்லை என்பது தெரியவரும். 1850-இல் கலிபோர்னியச் சட்டமன்றம் அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள்மீது மாதம் 20 டாலர் வரி விதித்தது. மறு ஆண்டு நீக்கியது. 1852-இல் மாதம் 3 டாலராக மீண்டும் கொண்டுவந்தபோது சீனர்களே முக்கிய இலக்கு. 1854-இல் மாநில உச்ச நீதிமன்றம், வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது.

முதலில் ஜான் ரோலின் ரிட்ஜ். செரோக்கி இனத்தவரான இவர் ‘யெல்லோ பேர்ட்’ என்ற பெயரில் 1854-இல் வெளியிட்ட ஹோக்கின் முரியேட்டாவின் கதை, அமெரிக்கப் பழங்குடி ஒருவர் எழுதிய முதல் நாவலாகக் கருதப்படுகிறது. சுரங்க நிலத்திலிருந்து விரட்டப்பட்டு, சாட்டையால் அடிக்கப்பட்டு, சகோதரனைத் தூக்குக்குப் பறிகொடுத்த மெக்சிகோ இளைஞன் கொள்ளையனாகிறான். 1853-இல் மாநிலக் காவல்படை உண்மையிலேயே ஒருவரைக் கொன்று, தலையைச் சாராயத்தில் இட்டுக் காட்சிக்கு வைத்தது. ஆனால் நாவலின் வாழ்க்கை வரலாறு பெருமளவு ரிட்ஜின் படைப்பு. இரண்டையும் கலந்துவிட வேண்டாம். இந்நாவலில் சீனர்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்படுகிறார்கள், ஆனால் பேசுவதில்லை. கலிபோர்னியப் பழங்குடிகளும் இழிவாகவே வருகிறார்கள். அநீதிக்கு எதிராக எழுதியவரின் பார்வை எங்கே நின்றுவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் நார்மன் அசிங்கின் கடிதத்தைப் படியுங்கள். சீனக் குடியேற்றத்தைத் தடுக்க வேண்டுமென்ற ஆளுநர் பிக்லருக்கு மறுமொழியாக, சான் பிரான்சிஸ்கோவின் சீன வணிகரான அவர் எழுதியது 1852 மே 5 அன்று ‘டெய்லி ஆல்டா கலிபோர்னியா’ நாளிதழில் வந்தது. ஆ சின்னைப் பற்றிய கவிதைக்குப் பிறகு இதைப் படிக்கும்போது, பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சீனர் தம் பெயரில், வாதத்தோடு, நேராகப் பேசியிருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய செய்தி என்று விளங்கும்.

9. குளோண்டைக்கைக் கடைசியில் வையுங்கள்

1896-இல் கனடாவின் யூகானில் தொடங்கிய வேட்டை வேறொரு உலகம்: நீராவிக் கப்பல், தந்தி, உறைந்த நிலம், எல்லையில் ஓராண்டுக்கான சரக்கைச் சோதித்த காவல்படை. ஜாக் லண்டன் 1897-இல் சென்று, ஒரு குளிர்காலத்தை அங்கே கழித்து, ஊட்டச்சத்துக் குறைவால் ஈறு நோயுற்று, 1898-இல் திரும்பினார். ‘டு பில்ட் எ ஃபயர்’ கதையின் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துப் படியுங்கள். 1902 வடிவில் மனிதனுக்குப் பெயர் உண்டு, அவன் பிழைக்கிறான். 1908 வடிவில் பெயர் இல்லை, அவன் உறைந்து சாகிறான், நாய் கிளம்பிச் செல்கிறது.

ராபர்ட் சர்வீஸ் 1904-இல் வங்கி ஊழியராக யூகான் வந்தவர். அவருடைய புகழ்பெற்ற முதல் கவிதைத் தொகுதி 1907-இல் வந்தது. தங்க வேட்டையின் மையமான டாசனுக்கு அவர் சென்றது 1908-இல். இந்த மூன்று எண்களையும் தாளில் எழுதும்போது, மூன்றாம் படியில் தொடங்கிய பழக்கம் தானாகவே வேலை செய்வதைக் காண்பீர்கள்.

10. கட்டுரையோ மொழிபெயர்ப்போ எழுதுவதற்கு முன்

பெரிய தலைப்பை எடுக்காதீர்கள். ஒரு சம்பவத்தை எடுத்து இரண்டு நூல்களில் ஒப்பிடுங்கள்: முகாம் விசாரணை ஷர்லியிடமும் ‘டென்னஸீஸ் பார்ட்னர்’ கதையிலும், அல்லது சீனர் ஹார்ட்டிடமும் அசிங்கிடமும்.

எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதை முதலிலேயே சரிபாருங்கள். ட்வெயினின் தவளைக் கதை 1865-இல் வந்த தலைப்பும் பின்னாளில் நூல்களில் வந்த தலைப்புகளும் வேறு. ரிட்ஜின் நாவல் அவர் 1867-இல் இறந்த பின், 1871-இல் மாற்றங்களோடு மறுபடி வந்தது. இணையத்தில் இரண்டும் ஒரே பெயரில் கிடைக்கும். மேற்கோளை எடுத்த பக்கத்தின் தலைப்புத்தாளைப் பார்த்து ஆண்டை எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குச் செல்ல வேண்டும். எழுதி முடித்த பிறகு தேடினால், எந்த வரி எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்று பிரிப்பது மிகவும் கடினம்.